ஆறு திங்கள் இரவில் ஒரு திருநாள்

நம்முடைய திருநாட்கள் பெரும்பாலும் வானத்தைப் பார்த்து வகுக்கப்பட்டவை. தைப்பொங்கலன்று முற்றத்திலே கோலமிட்டு, கிழக்கு வெளுக்குமுன் அடுப்பு மூட்டி, ஞாயிறு எழும் வேளையிலே பால் பொங்கவேண்டுமெனக் காத்திருக்கின்றோம். தீபாவளிக்குத் தேய்பிறைச் சதுர்த்தசி வேண்டும். சித்திராபௌர்ணமிக்கு முழுமதி வேண்டும். நாள் தவறிவிடாதிருக்கப் பஞ்சாங்கம் கணிப்போர் நாழிகையும் விநாழிகையுமாக எண்ணித் தருகின்றனர். இன்று திருநாள் என்று நமக்கு அறிவிப்பவை ஞாயிறும் திங்களுமே. நாம் அவற்றின் சொற்கேட்டு நடப்பவர்கள்.

அங்ஙனமாயின், ஆண்டிற்கு ஒரே முறை ஞாயிறு தோன்றி ஒரே முறை மறையும் ஓரிடத்திலே வாழ்பவர் தம் திருநாட்களை எங்ஙனம் அறிவர்? அறிந்தாலும் எங்ஙனம் கொண்டாடுவர்? இது வெறும் கற்பனை வினாவன்று. தென்துருவத்தில், கடல் மட்டத்திற்கு 2,835 மீற்றர் உயரமான பனிப் பீடபூமியின்மேல், அமெரிக்கர் அமைத்த அமுண்ட்சென்–ஸ்கொட் நிலையத்தில் 1957ஆம் ஆண்டு தொடக்கம் ஒவ்வொரு மாரிகாலத்திலும் மனிதர் தங்கி வருகின்றனர். சர்வதேசப் புவிப்பௌதிக ஆண்டின் பொருட்டு நிறுவப்பட்ட அந்நிலையத்தில் முதன்முதல் மாரியைக் கழித்தோர் பதினெண்மரும், பிறாவோ என்னும் நாயொன்றுமாவர். இன்று அங்கே மாரியில் ஏறக்குறைய நாற்பது பேர் இருப்பர். அந்தாட்டிக்காக் கண்டத்தின் ஏனைய நிலையங்களையும் சேர்த்து எண்ணினாலும், மாரியில் அக்கண்டம் முழுவதற்கும் மக்கள் தொகை ஆயிரம் அளவே. ஒரு பெரிய கல்லூரியின் மாணவர் தொகைக்கும் அது குறைவு.

மாரி என்னுஞ் சொல் நமக்கு மழையை நினைப்பூட்டும். பூமிசாத்திர நூல்கள் குளிர்காலத்தைக் குறிக்க வழங்கும் பொருளிலேயே ஈண்டு அதனை ஆளுகின்றேன். தென்துருவத்து மாரியில் மழை என்பதே இல்லை. பனியால் மூடப்பட்டிருப்பினும் அந்தப் பீடபூமி உண்மையில் ஒரு பாலைநிலமே.

அங்கு நாள் என்பது யாது? மார்ச்சு மாதம் 22ஆம் நாளளவில் ஞாயிறு அடிவானத்தைத் தொட்டு, மேலெழாமலும் உடனே அமிழ்ந்துவிடாமலும் வட்டமாகச் சுற்றிச் சுற்றி, ஒரு நாளுக்கும் மேலான நேரமெடுத்து மறைகின்றது. ஆயினும் மறைந்தவுடன் இருள் கவிவதில்லை. அந்தி ஏழு வாரம் நீடிக்கின்றது. மே மாத நடுவில் கடைசி வெளிச்சமும் வற்றியபின் ஏறக்குறைய பதினொரு வாரம் முழு இருள். ஆகத்து மாதம் பிறக்கையில் வைகறை தொடங்கி, செப்தெம்பர் 21ஆம் நாளளவில் ஞாயிறு எழுகின்றது. ஆறு மாதம் பகல், ஆறு மாதம் இரவு என்று பள்ளிப் பருவத்திலே மனனஞ் செய்தோம். அந்த இரவுக்குள்ளே ஏழு வார மாலையும் ஏழு வார விடியலும் அடங்கியிருப்பதை அப்போது எவரும் நமக்குச் சொல்லவில்லை.

திங்களின் செய்கை இன்னும் வியப்பிற்குரியது. துருவத்திலே அது இரண்டு வாரம் அத்தமிக்காமல் வானைச் சுற்றிவரும்; அடுத்த இரண்டு வாரம் தோன்றவே மாட்டாது. நடுமாரியில் ஞாயிறு அடிவானத்தின்கீழ் ஆழத்தில் இருத்தலால், அதற்கு எதிரே நிற்கும் முழுமதி வானில் உயர்ந்து நிற்கும். அமாவாசைத் திங்களோ ஞாயிற்றோடு சேர்ந்து மறைந்திருக்கும். ஆகவே, இருட்காலத்திலே பௌர்ணமியைக் கண்ணாற் காணலாம். மற்றத் திதிகளையும் ஓரளவு எண்ணிக்கொள்ளலாம். ஞாயிறு கைவிட்ட இடத்திலும் திங்கள் தன் கணக்கைக் கைவிடவில்லை.

இந்த இரவு நம் முன்னோர் கணிதத்திற்கு அயலானதன்று. வடதுருவமாகிய மேருவின்மேல் தேவரும், அதற்கு நேரெதிரான தென்முனையில் அசுரரும் வாழ்கின்றனர் என்றும், ஒருவர்க்குப் பகலாவது மற்றவர்க்கு இரவாம் என்றும், அப்பகலும் இரவும் தனித்தனி அரையாண்டு நீளுவன என்றும் சூரிய சித்தாந்தம் கூறுகின்றது. சம இராப்பகல் நாளிலே அவர்கட்கு ஞாயிறு உதிக்குமென்பது அந்நூல் நெறி. அந்நெறிப்படி பார்த்தால், தென்துருவ நிலையத்தில் இன்று மாரியைக் கழிக்கும் வானியல் ஆய்வாளர் யாவரும் அசுரர் ஊரின் குடிகளாவர். சூன் மாதம் 21ஆம் நாள் அவர்தம் நள்ளிரவு. அந்த நள்ளிரவையே அவர்கள் தங்கள் பெருந்திருநாளாகக் கொண்டனர் என்பதுதான் இக்கட்டுரையின் பொருள்.

அதற்கு முன், நாட்காட்டியைப் பற்றி ஒரு சொல். துருவத்திலே நெடுங்கோடுகள் யாவும் ஒரு புள்ளியிற் கூடுகின்றன. ஆதலின், இப்போது மணி என்ன, இன்று தேதி என்ன என்னும் வினாக்களுக்கு இயற்கையில் விடை கிடையாது. ஊரிலுள்ளோர் கூடி முடிவு செய்வதே நேரம். விமானங்களும் பொருள்களும் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரிலிருந்து மக்மேர்டோ நிலையம் வழியாக வருதலின், நியூசிலாந்து நேரத்தையே துருவத்தார் தம் நேரமாக ஏற்றுள்ளனர். எனவே, அவர்களுடைய நத்தார் நாள் இலண்டனிலும் நியூயோர்க்கிலும் அந்நாள் பிறப்பதற்கு முன்பே பிறந்துவிடுகின்றது. அவர்களுக்கு அதனை ஞாயிறு அறிவிக்கவில்லை, மணிக்கூடு அறிவிக்கின்றது.

நத்தார் காலம் அங்கே கோடைகாலம். ஞாயிறு இரவும் பகலும் ஒரே உயரத்தில் தலையைச் சுற்றி வலம் வருங் காலம் அது. விமானங்கள் வருவதும், எரிபொருள் இறங்குவதும், கட்டிடங்கள் பழுதுபார்க்கப்படுவதும், ஆய்வாளர் வந்து போவதும் அந்த மூன்றரை மாதத்திற்குள்ளே முடிந்தாகவேண்டும். எனவே, ஐரோப்பியர் தம் நாட்டிலே பனிக்கால ஓய்வாகக் கொண்டாடும் திருநாள், துருவத்திலே வேலை மிக நெருக்கமான வேளையில் வந்து வாய்க்கின்றது. நம்மவர்க்கு அறுவடை நாளிலே விரதம் வந்ததுபோல. ஆயினும் அதனை விட்டுவிடுவதில்லை. மக்மேர்டோ நிலையத்தார் வானொலிக் கருவியின்முன் கூடிநின்று நத்தார்ப் பாடல்களைப் பாட, பனிவெளியிற் கூடாரமடித்துத் தங்கியிருக்கும் சிறு குழுவினர் தத்தம் கருவிகளிலே கேட்பதுண்டு. துருவ நிலையத்திலோ நத்தாரையொட்டி ‘உலகைச் சுற்றும் ஓட்டம்’ என ஒன்று நடைபெறும். துருவப் புள்ளியைச் சுற்றி இரண்டு மூன்று மைல் ஓடுதலே அது. ஆனால் ஓடுபவர் ஒவ்வொரு சுற்றிலும் உலகின் நெடுங்கோடுகள் அனைத்தையும் கடந்துவிடுகின்றனர். சிலர் ஓடுவர், சிலர் நடப்பர், சிலர் வேடந்தரித்து வண்டியேறி வருவர். விளையாட்டுத்தான். எனினும், தேதியும் திசையும் மயங்கும் இடத்தைத் தன் வசப்படுத்த எண்ணும் மனித இயல்பு அவ்விளையாட்டிலே தெரிகின்றது.

பெப்ருவரி மாத நடுவில் கடைசி விமானம் புறப்படும். அதன்பின் எட்டு மாதத்திற்கு மேலாக எவரும் வரமாட்டார். எவரும் போகவும் இயலாது. கடுங்குளிரில் விமானத்தின் எரிபொருளும் எண்ணெய்களும் தடித்து இயங்காவாதலின், மாரிப் பறப்பென்பது உயிர்காக்கும் அவசரத்திற்கு மட்டுமே உரியது. துருவத்திலே 1982ஆம் ஆண்டு சூன் 23ஆம் நாள் வெப்பநிலை பூச்சியத்திற்குக் கீழ் 82.8 சதமபாகைக்கு இறங்கியது. கடைசி விமானம் போன அன்றிரவு, எஞ்சியோர் ஒன்றாயமர்ந்து, துருவ நிலையமொன்றிற் புகுந்த வேற்றுலகப் பூதம் அங்குள்ளோரை ஒவ்வொருவராகக் கொல்லும் திரைப்படத்தைப் பார்த்து மகிழ்வது வழக்கம். அச்சத்தை முன்கூட்டியே சிரித்துக் கழித்துவிடும் உபாயம் போலும்.

அச்சத்திற்குக் காரணம் இல்லாமலில்லை. அந்தாட்டிக்க மாரியை முதன்முதல் அனுபவித்தோர், 1898இல் பனிக்கடலிற் சிக்குண்ட பெல்சிக்கா என்னும் பெல்சியக் கப்பலின் மாலுமிகள். அவ்வாண்டு மே மாதம் 17ஆம் நாள் மறைந்த ஞாயிறு சூலை மாதப் பிற்பகுதியிலேதான் மீண்டது. அந்த இருளிலே அவர்களைத் துன்புறுத்தியது குளிர் மட்டுமன்று. உறக்கம் கெட்டது, நாடி தளர்ந்தது, பேச்சு அருகியது, சிலர் மதி மயங்கினர். ஆய்வாளர் எமீல் தங்கோ சூன் 5ஆம் நாள் இறந்தார். கப்பல் வைத்தியர் பிரெடெரிக் குக், புதிய பென்குயின் இறைச்சியையும் கடல்நாய் இறைச்சியையும் வற்புறுத்தி உண்பித்ததோடு, நோயாளிகளை எரியும் அடுப்பின்முன் நிறுத்தி அதன் ஒளியிற் குளிப்பாட்டினார். அடுப்பொளி மருந்தாயிற்றோ, மனிதனொருவன் தன்னைக் கவனிக்கின்றான் என்னும் எண்ணம் மருந்தாயிற்றோ, யாரறிவார்? அக்கப்பலில் அன்று பணியாற்றிய இளைஞரொருவரே பின்னர் 1911 டிசெம்பர் 14இல் துருவத்தை முதலில் அடைந்த அமுண்ட்சென்.

இக்காலத்து மருத்துவர் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளனர். நெடுமாரியில் இருப்போரின் தைரொயிட்டுச் சுரப்பியின் செயல் மாறுபடுகின்றது, நினைவு தடுமாறுகின்றது, சொல்லவந்ததை மறந்து வெறித்து நோக்கும் பார்வை பலர்க்கு உண்டாகின்றது. காலத்தின் பாதியைக் கடந்தபின், மூன்றாங் காற்பகுதியிலேதான் மனச்சோர்வு உச்சமடையும் என்று 1991இல் இரு ஆய்வாளர் கூறினர். பிற்காலத்து ஆய்வுகள் சில அதனை ஏற்கின்றன, சில ஏற்கவில்லை. ஆனால், நெடுந்தவணைப் பரீட்சைக்குப் படித்த எவரும் அக்கூற்றை எளிதில் ஒதுக்கிவிடமாட்டார். தொடக்கத்தில் ஊக்கமுண்டு, முடிவிலே விடுதலை தெரிகின்றது, நடுவிலே நாட்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரித்தறிய முடியாதனவாகி விடுகின்றன. இருளிலும் கொடியது இந்த ஒருதன்மை என்பது என் கருத்து. திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் ஒன்றாகிவிட்ட வாழ்வில் ஒரு நாளைப் பிடித்து நிறுத்தி, இது வேறு நாள் என்று சொல்லும் வலிமை திருநாளுக்கு உண்டு. அங்கே திருநாள் ஓய்வுக்காக வந்ததன்று. காலம் கரைந்து போகாதிருக்க நட்ட எல்லைக்கல்.

பழைய பயணத்தலைவர்கள் இதனை அனுபவத்தாலேயே அறிந்திருந்தனர். கப்டன் ஸ்கொட்டின் குழுவினர் 1911இல் ஈவன்ஸ் முனையிலே மரக்குடிசையொன்றில் மாரியைக் கழித்தனர். இருபத்தைந்து பேர், ஐம்பதடி நீளமும் இருபத்தைந்தடி அகலமுமான குடிசை. சூன் 22ஆம் நாள் அவர்கள் நடுமாரி விழா எடுத்தனர். அரைப் பகுதி இருள் கழிந்தது, இனி ஞாயிறு நம்மை நோக்கி வரத்தொடங்கும் என்பதே விழாவின் பொருள். உண்மையில் அது அவர்களுக்கு நத்தார். தம் நாட்டிலே குளிரும் இருளும் மிகுந்த காலத்தில் வருதலாற் பொருள் பெற்ற பண்டிகையை, குளிரும் இருளும் மிகுந்த காலத்திற்கே எடுத்துச் சென்று நட்டனர். தேதியை விட்டுக் காரணத்தைப் பற்றிக்கொண்ட செயல் இது.

கொடிகள் தொங்கவிடப்பட்டன. சமையற்காரர் கிளிசோல்ட் கடல்நாய் இறைச்சி இரசம் முதலாக, வாட்டிய மாட்டிறைச்சி, உலர்பழப் புடிங்கு என ஆங்கிலேய விருந்து முழுவதையும் ஆக்கிப் படைத்தார். குழுவினர் தாமே எழுதித் தட்டச்சுச் செய்த ‘தென்துருவ இதழ்’ என்னும் சஞ்சிகையின் புதிய மலரைச் செரி–கறாட் அன்று தலைவரிடம் வழங்க, அவர் அதனை உரக்க வாசித்தார். எழுதியவர் யாரென்று பெயர் குறிப்பதில்லை. ஊகிப்பதிலே பாதி இன்பம். கல்லூரிச் சஞ்சிகையொன்றில் எழுதும் எனக்கு, இருபத்தைந்து வாசகரே உள்ள அச்சஞ்சிகைமீது சிறிது பொறாமையுமுண்டு. அதன் வாசகர் எவரும் அதனைப் படியாமல் வைத்துவிட வழியில்லை அன்றோ!

பின்னர், பவர்ஸ் என்னும் குறுகிய உருவமும் தளராத உள்ளமும் கொண்ட அதிகாரி ஒரு மரத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார். மரமே முளையாத கண்டத்தில் மரமெங்கிருந்து வந்தது? பனிச்சறுக்குக் கோலொன்றை அடிமரமாக்கி, மூங்கிலைப் பிளந்து கிளைகளாக்கி, நுனிதோறும் இறகுகளைக் கட்டியிருந்தார். மெழுகுதிரிகள் எரிந்தன, மிட்டாய்களும் விளையாட்டுப் பொருள்களும் கிளைகளில் ஆடின. வைத்தியர் வில்சனின் மைத்துனி இங்கிலாந்திலிருந்தே ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு பரிசு கட்டி அனுப்பியிருந்தார். குதிரைகளைப் பேணிய கப்டன் ஓற்ஸுக்குக் கிடைத்தவை ஒரு பஞ்சு, ஒரு விசில், ஒரு விளையாட்டுத் துவக்கு. போர்க்களங் கண்ட அந்த வீரர், அத்துவக்கை வைத்துக்கொண்டு இரவு முழுவதும் நண்பர்களைச் சுட்டுக்கொண்டிருந்தார். அதன்பின் ஒன்பதாம் மாதத்திலே, துருவத்திலிருந்து திரும்பும் வழியில், தம்மாற் பிறர் பயணம் தாமதப்படாதிருக்கப் பனிப்புயலுக்குள் நடந்து மறைந்தவரும் அவரே. பவர்ஸும் வில்சனும் ஸ்கொட்டும் அடுத்த சில நாட்களிற் கூடாரத்துள் இறந்தனர். அந்தச் சிறு மரத்தைப் பற்றி வாசிக்கும்போது இதனை மறப்பது அரிது.

விழா முடிந்து ஐந்தாம் நாள் வில்சன், பவர்ஸ், செரி–கறாட் மூவரும் நள்ளிருளிலே குரோசியர் முனைக்குப் புறப்பட்டனர். பேரரசப் பென்குயின் நடுமாரியிலே முட்டையிடும் பறவை. பறவை இனத்தின் தோற்றத்தை அதன் கருவிலிருந்து அறியலாமென்று அக்காலத்தார் நம்பினர். பூச்சியத்திற்குக் கீழ் 60 சதமபாகையைத் தாண்டிய குளிரில் ஐந்து வாரம் அலைந்து, கூடாரத்தைப் புயல் பறித்துச் செல்ல, பின் அது தெய்வாதீனமாகக் கிடைக்க, மூன்றே முட்டைகளுடன் மீண்டனர். புடிங்கையும் மெழுகுதிரியையும் சுற்றிச் சிரித்திருந்த அந்த ஓரிரவு அவர்களுக்கு என்ன உதவி செய்தது என்று அளந்து சொல்ல ஒரு கருவியும் இல்லை. ஆயினும், ஸ்கொட் போன்ற கண்டிப்பான தலைவர் அதற்குப் பொருளும் நாளும் செலவிடத் தயங்கவில்லை.

பயணத்தின் நடுவிலுங்கூட இவர்கள் நாளை மறக்கவில்லை. 1902ஆம் ஆண்டு நத்தாரன்று ஸ்கொட், வில்சன், ஷாக்கிள்டன் மூவரும் பட்டினியோடு பனிவெளியிற் சறுக்குவண்டி இழுத்துக்கொண்டிருந்தனர். உணவை அவுன்ஸ் கணக்கில் நிறுத்து எடுத்துவந்த பயணம் அது. அன்றிரவு ஷாக்கிள்டன் தம் பையைத் துழாவி, மாற்றுக் காலுறைக்குள் மறைத்து வைத்திருந்த கிரிக்கெற் பந்தளவான புடிங்கொன்றை வெளியிலெடுத்தார். மாதக்கணக்காக எவர்க்குஞ் சொல்லாமல், தாமும் தொடாமல் சுமந்து வந்திருந்தார்! 1911 நத்தாரிலோ துருவப் பீடபூமியில் எண்மர் இருந்தனர். அன்று காலை லாஷ்லி என்பவர் பனிப்பிளவொன்றுள் விழுந்து கயிற்றிலே தொங்கினார், மேலே இழுத்தெடுத்தனர். அன்றே அவருக்கு நாற்பத்துநான்காவது பிறந்தநாள். மாலை விருந்திலே உலர்இறைச்சிக் கூழுக்குக் குதிரை இறைச்சியும் வெங்காயமும் கறித்தூளும் சேர்க்கப்பட்டன என்று ஸ்கொட்டின் நாட்குறிப்புக் கூறுகின்றது. துருவத்திற்கு இருநூறு மைலுக்கும் அப்பால் ஆங்கிலேயர் தம் பெருநாளுக்குத் தேடியது நம் அடுக்களைக் கறித்தூளை என்பதைப் படித்து யான் தனியே சிரித்ததுண்டு.

இன்று நடுமாரி நாள் அந்தாட்டிக்கா முழுவதற்கும் பொதுவான விழா. அக்கண்டத்தில் நாடுகள் பல, மொழிகள் பல, சமயங்கள் பல. ஒருவர் பெருநாள் மற்றவர்க்கு வெறும் நாள். நடுமாரி மட்டும் எவர் சமயத்தினதுமன்று, எந்நாட்டினதுமன்று, அந்த நிலத்திற்கே உரியது. நிலையங்கள் ஒன்றுக்கொன்று வாழ்த்து அனுப்புகின்றன. குழுவினர் ஒருங்கே நின்றெடுத்த நிழற்படத்தோடு ‘எம்மிடம் விருந்துக்கு வருக’ என்று ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ளோரை அழைப்பதும் உண்டு. வர இயலாதென்பது இருவர்க்கும் தெரியும். அமெரிக்காவும் உருசியாவும் உலகின் ஏனைய பாகங்களிலே பகைத்து நின்ற காலத்திலும் இக்கண்டத்தில் அவர்தம் அறிஞர் ஒருவர் நிலையத்தில் மற்றவர் தங்கி ஆய்வு செய்தனர். 1959 டிசெம்பர் முதலாம் நாள் கைச்சாத்தான அந்தாட்டிக்க உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது 1961 சூன் 23ஆம் நாள். நடுமாரியை ஒட்டி அந்நாள் அமைந்தது தற்செயலே. ஆனால் நல்ல தற்செயல்.

பிரித்தானிய நிலையங்களின் வழக்கம் தனிச் சிறப்புடையது. மாரி தொடங்குமுன் ஒவ்வொருவரும் சீட்டெடுத்து ஒருவர் பெயரைப் பெறுவர். அவருக்கென ஒரு பரிசைத் தம் கையாலேயே, எவருமறியாமற் செய்தல் வேண்டும். கடை இல்லை, காசுக்கு மதிப்பில்லை. உடைந்த சறுக்குவண்டியின் பலகை, பழைய உலோகத் துண்டு, கயிறு, தோல் ஆகியவையே மூலப்பொருள். இரவுதோறும் பட்டறையில் ஒருவன் தனியே அமர்ந்து, தன் தோழனுக்கு எது பிடிக்கும் என்று வாரக்கணக்காக எண்ணிக்கொண்டிருக்கின்றான். எட்டுமாதம் ஒரே முகங்களைப் பார்த்துச் சலித்து, ஒருவர் மெல்லும் ஒலிகூட மற்றவர்க்குச் சினமூட்டும் இடத்தில், இதனினும் சிறந்த மருந்தொன்றை எவரும் கண்டறிந்ததாக எனக்குத் தெரியவில்லை. விழா நாட்காலையில் நிலையத் தலைவரே ஏனையோர்க்குக் காலையுணவு படைப்பது வழக்கம். மாலையில் பி.பி.சி. வானொலி, 1955ஆம் ஆண்டு தொடங்கி வரும் மரபின்படி, அந்நிலையத்தாருக்கென்றே அரைமணி நேரம் ஒலிபரப்புகின்றது. தாய் தந்தையர், மனைவி மக்கள் ஆகியோரின் குரல்கள் அதிலே வரும். கேட்போர் தொகை ஐம்பதைத் தாண்டுவது அரிது. இவ்வளவு சிறிய சபைக்கு இவ்வளவு பெரிய ஒலிபரப்பு வேறெங்கும் உண்டோ?

இவையெல்லாம் நடைபெறும்போது வேலை நின்றுவிடுகின்றதா என்றால், இல்லை. விருந்து மண்டபத்திற்கு வெளியே மின்பிறப்பாக்கி ஓடியாகவேண்டும். அது நின்றால் ஊரே உறைந்துவிடும். வானிலை அவதானிப்போர் குறித்த வேளையிலே பலூனை ஏற்றியாகவேண்டும். பனிக்கட்டிக்குள் 1,450 மீற்றர் ஆழத்திலிருந்து 2,450 மீற்றர் ஆழம்வரை 5,160 உணரிகளைப் புதைத்து 2010இல் நிறைவேற்றிய நியூத்திரினோ ஆய்வுக்கூடத்தைக் கவனிக்க மாரியில் இருவரே உளர். கருவி எச்சரித்தால், விருந்தாயினும் உறக்கமாயினும் எழுந்து செல்வது அவர்தங் கடன். விண்ணிலிருந்து வரும் துகளுக்குத் திருநாள் தெரியாது.

சலியாத இவ்வேலையின் பயனை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். சர்வதேசப் புவிப்பௌதிக ஆண்டுக் காலத்திலே ஹலி என்னும் பிரித்தானிய நிலையத்தில் வானத்து ஓசோனை அளக்கத் தொடங்கினர். ஆண்டுதோறும் ஒரே கருவி, ஒரே முறை, ஒரே அட்டவணை. எவருங் கவனியாத அந்த எண்களே, பாமன், கார்டினர், ஷாங்கிளின் மூவரும் 1985இல் வெளியிட்ட கட்டுரையில், வசந்தந்தோறும் ஓசோன் படலம் மெலிந்து வருவதை உலகிற்குக் காட்டின. இடையிலே ஓராண்டு எவராயினும் சலித்து விட்டிருந்தால் அத்தொடர் அறுந்திருக்கும். அந்நிலையத்திலே மாறிமாறி மாரியைக் கழித்தோரின் மனம் முறியாதிருந்ததும் அக்கண்டுபிடிப்பின் ஒரு பகுதியே. அவ்வளவில் நடுமாரி விருந்துக்கும் அதிலே பங்குண்டு என்பேன்.

திருநாளிலும் ஓய்வில்லாத இருவர் சமையற்காரரும் வைத்தியருமாவர். சமையற்காரரைப் பற்றி நூல்கள் அதிகம் பேசுவதில்லை, பேசவேண்டும். எட்டு மாதத்திற்கு முன் வந்த பண்டங்களைக்கொண்டு, புதிய காய்கறி என்பது நிலையத்தின் செயற்கைத் தோட்டத்துச் சில கீரை இலைகளே என்ற நிலையில், நாற்பது பேருடைய இல்ல நினைவை ஒரு தட்டிலே கொண்டுவர வேண்டியவர் அவர். வைத்தியரோ தமக்கு நோய் வந்தால் தாமே வைத்தியர். உருசியரின் நோவொலாசரெவ்ஸ்காயா நிலையத்து வைத்தியர் லெயனிட் ரொகசொவ், 1961 ஏப்ரல் முடிந்து மே பிறக்கும் இரவிலே, அழற்சியுற்ற தம் குடல்வாலைத் தாமே அறுத்தகற்றினார். கண்ணாடி பிடித்தவரும் கருவி எடுத்துக் கொடுத்தவரும் மருத்துவம் பயிலாத தோழர். அவர்தம் நாட்டார் உலகெங்கும் மே நாள் விழாவுக்கு ஆயத்தமாய் இருந்த இரவு அது. துருவ நிலையத்திலிருந்து நோயாளர் இருவரை அழைத்துச் செல்ல ஒரு சிறு விமானம் முழு இருளிலே பனிமேல் இறங்கியதும் 2016ஆம் ஆண்டின் நடுமாரி நாளை ஒட்டியே. அவ்வாண்டில் துருவத்தார் பெற்ற பரிசு அதுவே எனலாம்.

ரொகசொவ் இருந்த நிலையத்திற்குச் சில கிலோமீற்றர் தொலைவிலேதான், இந்தியா 1989இல் நிறுவிய மைத்திரி நிலையம் உள்ளது. தமிழரின் திருநாட்கள் அங்கே எவ்வாறு தோன்றும் என்று கணித்துப் பார்க்கலாம். தென் அகலக்கோடு 70 பாகை 46 கலையில் அமைந்த அவ்விடத்திலே தைப்பொங்கலன்று ஞாயிறு மறைவதே இல்லை. நண்பகலில் வடக்கே ஏறக்குறைய 40 பாகை உயரத்தில் நின்று, நள்ளிரவில் தெற்கே அடிவானத்திற்கு இரண்டு பாகை மேலே தவழ்ந்து செல்லும். மறையாத ஞாயிற்றுக்கு உதயம் ஏது? பானையை எத்திசை நோக்கி வைப்பது? தீபாவளியோ அதற்கு மாறு. அமாவாசைக்கு முந்திய இரவாயினும், ஐப்பசியில் அங்கே நள்ளிரவிலும் அந்தி ஒளி வற்றுவதில்லை. விளக்கேற்றினால் விளக்கிற்குப் பெருமையில்லை. இருள் வேண்டிய திருநாளுக்கு இருளில்லை. உதயம் வேண்டிய திருநாளுக்கு உதயமில்லை. ஐரோப்பியரின் நத்தாருக்கு நேர்ந்ததே நமக்கும் நேர்கின்றது. ஆங்கு வாழ்வோர் மணிக்கூட்டைப் பார்த்துப் பொங்கலாம். அல்லது, நீண்ட இரவு கழிந்து சூலை மாதப் பிற்பகுதியில் ஞாயிறு முதன்முதல் எட்டிப்பார்க்கும் நாளிலே, திரும்பி வந்த கதிரவனுக்குப் பொங்கலாம். எது உண்மைப் பொங்கல் என்று என்னைக் கேட்டால், விடை கூறத் தயங்குவேன். ஈவன்ஸ் முனையில் மூங்கில் மரத்தை நட்டவர்கள் தயங்கமாட்டார்கள்.

துருவ நிலையத்தின் மாரித் திருநாட்களுக்கு ஒரு தொங்கல் உண்டு. துருவப் புள்ளியைக் குறிக்கும் கம்பம் பனிப்பாளத்தின்மேல் நடப்பட்டது. பனிப்பாளமோ ஆண்டிற்குப் பத்து மீற்றரளவில் நகர்கின்றது. அதனால் கம்பம் துருவத்தை விட்டு விலகிப் போகின்றது. ஒவ்வோராண்டும் சனவரி முதலாம் நாள் அளவையாளர் உண்மைத் துருவத்தைக் கணித்து, புதிய கம்பத்தை நட்டு, அதன் தலையிலே புதிதாக வார்த்த குறியொன்றைப் பொருத்துவர். எல்லோரும் வெளியே வந்து வட்டமாக நின்று, அக்குறியைக் கைக்குக் கை மாற்றி அனுப்பிப் புத்தாண்டைத் தொடங்குவர். அக்குறியை வடிவமைத்துச் செய்தவர் முந்திய மாரியின் குழுவினர். இருட்காலத்திலே பொறிப்பட்டறையில் மாதக்கணக்காகக் கடைந்து மெருகிட்டது. ஆனால், நவம்பரில் விமானம் வந்தவுடன் அவர்களிற் பெரும்பாலோர் வீடு திரும்பிவிட்டனர். அதனை நடும் நாளில் அவர்கள் வேறெங்கோ தத்தம் ஊர்களில், ஞாயிறு நாள்தோறும் தவறாது எழும் இடங்களில் இருப்பர். பழைய குறி நிலையத்துக் கண்ணாடிப் பேழைக்குள் முன்னையவற்றோடு வைக்கப்படுகின்றது.